ட்ராலி ரோட்டுப் பங்கஜம்

பங்கஜம் எங்கே பிறந்தாள் என்று கேட்டால் மேல்தட்டு என்கிற மலையூரில் இரண்டு பதில் கிடைக்கும். பதிவேட்டில் ஹெதர்டன் எஸ்டேட் ஆஸ்பத்திரி என்று இருக்கிறது. அன்றைக்கு அவள் அம்மாவோடு கூடப் போன பெண்கள் சொன்னது வேறு. வலி கண்டதும் தேயிலைக் கொழுந்து ஏற்றும் ட்ராலியில் இரண்டு சாக்கை விரித்துப் படுக்கவைத்துக் கீழே இறக்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் அரை மைல் இருக்கும்போதே பிள்ளை வந்துவிட்டது. பிரேக் கட்டையைப் பிடித்திருந்தவர் பங்கஜத்தின் அப்பா மாணிக்கம். அந்த இடத்தில் சரிவு கடுமை, நிறுத்த முடியாது. முகத்தைத் திருப்பாமலே, "என்ன புள்ள?" என்று கேட்டாராம்.

"பொட்டப்புள்ளைங்க. நீங்க முன்னால பாருங்க" என்றாளாம் கூட வந்தவள்.

ஊட்டி ரயிலைப் பார்க்க வருகிறவர்கள் அதைப் பொம்மை ரயில் என்கிறார்கள். அந்த ட்ராலி ஓடிய ஹெதர்டன் லைன் அதன் பக்கத்தில் நின்றிருந்தால் பொம்மைக்குப் பிறந்த பொம்மை மாதிரி இருந்திருக்கும். தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டடி. மொத்த நீளம் ஒன்றரை மைல். இஞ்சின் கிடையாது. மேலே கொழுந்தையும் விறகையும் ஏற்றிவிட்டால் மலையே கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும். காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்து வரும். எந்தத் துரை போட்டான், எந்த வருஷம் என்பதில் ஆளுக்கொரு பேச்சு. பாறையை உடைத்தவர்கள் யார் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. தாராபுரத்திலிருந்தும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும் பஞ்சத்துக்கு மலையேறி வந்தவர்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் இப்போது மேல்தட்டின் நாற்பத்திரண்டு வீட்டிலும் இருக்கிறார்கள்.

எழுபத்தொன்பதில் டிராக்டர் ரோடு வந்தது, லைன் நின்றது. மூன்று வருஷம் கழித்துத் தண்டவாளத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். எல்லாமும் போய்விடவில்லை. ஒரு துண்டு பேக்டரி வாசலில் மணியாகத் தொங்கியது. சில துண்டுகள் கொடிக்கம்பிக்குத் தூண் ஆயின. அடியில் கிடந்த கட்டைகளை ஊரார் அடுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த மழைக்காலம் முழுக்க மேல்தட்டுச் சோற்றில் தார் வாசம் அடித்தது. பங்கஜத்துக்கு அப்போது பதினாலு வயது. இன்றைக்கும் ரோட்டுக்குத் தார் ஊற்றுகிற இடத்தைத் தாண்டும்போது அவளுக்குப் பசிக்கும்.

இரும்பு போன பிறகு அந்த இடத்தில் ஒரு பாதை மிச்சமிருந்தது. இரண்டு முழ அகலத்தில், மூச்சு வாங்காத அளவான சரிவில், கீழே கோத்தகிரி ரோட்டில் லாரி முக்கு வரைக்கும். ஜனங்கள் அதைத் தொடர்ந்து ட்ராலி ரோடு என்றே சொன்னார்கள். பங்கஜம் எட்டாவது வரை படித்தது, தண்டவாளம் கிடந்தபோதே, அந்த வழியில் நடந்துதான். பாலனைக் கட்டிக்கொண்டு மேளத்தோடு ஏறி வந்தது அந்த வழியில். நெஞ்சுவலி என்ற பாலனை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடியதும், மறுநாள் வேறு நாலு பேர் மெதுவாகத் திரும்பக் கொண்டுவந்ததும் அதே வழியில்.

மேல்தட்டின் கோடியில் மாணிக்கம் வாங்கிப் போட்ட ஒரு ஏக்கர் தேயிலை அவளுடையது. மகன் அஜய் திருப்பூரில் இருக்கிறான். மாதம் ஒருமுறையாவது போனில், "அதை வித்துட்டு இங்க வந்துரும்மா" என்பான்.

"அங்க வந்து நான் என்னத்தடா பறிக்கறது? உன் பனியனையா?" என்பாள்.

பறித்த கொழுந்து அன்றைக்கே லாரி முக்குக்குப் போய்ச் சேரவேண்டும். தாமதமானால் மூட்டைக்குள்ளேயே வெந்து சிவந்துவிடும். சிவந்த கொழுந்தை லாரியில் வருகிற ஏஜெண்ட் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார். டிராக்டர் ரோடு மலையைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டர். அதில் மூட்டையை யாரும் தலையில் சுமந்து போக முடியாது. ஆகவே பங்கஜத்துக்கு ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறது என்பது ட்ராலி ரோடு இருக்கும் வரைக்கும்தான் உண்மை.

அந்த வழியில் ஒரு வழக்கம் உண்டு. பாதி தூரத்தில் பாதை ஒரு பாறையைப் பிளந்துகொண்டு போகும். அதற்கு வெட்டு என்று பெயர். இருநூறு அடி நீளம், இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே கல். ட்ராலி வரும்போது ஆள் ஒதுங்கி நிற்பதற்காக அந்தக் காலத்திலேயே சுவரில் ஏழு பொந்துகள் குடைந்திருந்தார்கள். கீழிருந்து எண்ணினால் ஒன்று முதல் ஏழு. இறங்குகிற சரக்கு நிற்க முடியாது, அதனால் ஏறுகிறவன்தான் ஒதுங்க வேண்டும். பெரும்பாலும் மூடுபனி, கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆகவே இறங்குகிறவர் "சரக்கேய்!" என்று குரல் கொடுப்பார். ஒதுங்கியவர் தான் எந்தப் பொந்தில் இருக்கிறோம் என்று எண்ணைச் சொல்வார். ட்ராலி போய் நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. இப்போது இறங்குவது தலைமேல் கொழுந்து மூட்டையோடு வரும் பெண்கள். மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே விரல்கூட நுழையாது. வழக்கம் அப்படியே இருக்கிறது. அதை யாரும் வழக்கம் என்று நினைப்பதில்லை. வெட்டுக்குள் போனால் வாய் தானாகச் சொல்லும்.

கொரோனாவுக்கு அடுத்த வருஷம் ஹெதர்டன் கைமாறியது. வாங்கியவர்களுக்குத் தேயிலையில் அக்கறை இல்லை, காட்டேஜ் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு. மேனேஜராக வந்த சுரேந்திரன் அளந்து பேசுகிற மனிதர். ஒருநாள் வெட்டின் அடிவாயில் இரண்டு பக்கமும் குழி தோண்டியிருந்தது. இரும்பு கேட் வருகிறது என்றார்கள். பழைய லைன் எஸ்டேட்டின் சொந்தச் சொத்து, லைன் மூடியபோதே வழியும் மூடிவிட்டது, இப்போது அது வெறும் புதர், அதில் யாரும் நடப்பதில்லை என்பது அவர்கள் கட்சி.

மேல்தட்டுக்காரர்களிடம் பட்டா இல்லை, வரைபடம் இல்லை, ஒரு காகிதம்கூட இல்லை. எழுதத் தெரிந்தவள் என்று பங்கஜத்தின் பெயரில் தாசில்தாருக்கு மனு போனது. வழி இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறதா என்று நேரில் பார்த்து எழுத வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ. வருவார் என்று பதில் வந்தது.

அதற்குள் சுரேந்திரன் ஒரு சாட்சியைக் கொடுத்துவிட்டார். ஒச்சப்பன். அறுபத்தாறு வயது. சின்ன வயதில் லைனில் கோவேறு கழுதை ஓட்டியவர், பிறகு முப்பது வருஷம் எஸ்டேட் வாட்ச்மேன். பாலனின் கூட்டாளி. 'லைன் மூடிய பிறகு அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் கிடையாது' என்று அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்ற செய்தியை வி.ஏ.ஓ. ஆபீசில் கேட்டபோது பங்கஜம் முதலில் நம்பவில்லை. டீக்கடையில் அவரைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, நெசமாவே நீங்க சொன்னதா?"

ஒச்சப்பன் கிளாசுக்குள்ளே பார்த்தார். டீ தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"கோட்டர்ஸு புள்ள" என்றார்.

ரிட்டையர் ஆன பிறகும் அவர் எஸ்டேட் கோட்டர்ஸில்தான் இருந்தார். பெண்டாட்டி இல்லை. மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் அவளுக்கே இடம் இல்லை. பங்கஜம் கோபப்பட முயன்று பார்த்தாள். பாதி வழி வரைக்கும் கோபம் இருந்தது. வீடு வந்து சேர்ந்தபோது அது வெறும் பயமாக மாறியிருந்தது.

ஆர்.ஐ. வருகிற நாளை வி.ஏ.ஓ. முதல் நாள்தான் சொன்னார். காலை பதினொரு மணி. கூட்டம் கூட்டக் கூடாது, மனுதாரர் மட்டும் வரவேண்டும். பங்கஜம் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டாள். வீடு வீடாகப் போய், நாளைக்கு யாரும் கொழுந்து பறிக்காதீர்கள், வெட்டுப் பக்கம் வராதீர்கள், வந்தால் நாம் ஆள் பிடித்து நடக்கவிட்டோம் என்பார்கள் என்று சொல்லிவைத்தாள். புழக்கத்தில் இருக்கிறது என்று காட்டவேண்டிய நாளில் வழியைத் தானே காலி செய்துவிட்டோம் என்பது காலையில் லாரி முக்கில் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. அப்போது மணி பத்தே முக்கால்.

ஆர்.ஐ. சசிரேகா இளவயதுப் பெண். பேண்ட், ஸ்வெட்டர், காலில் நல்ல ஷூ. ஜீப்பை விட்டு இறங்கியதும் பாதையைப் பார்த்தாள், பங்கஜத்தைப் பார்த்தாள்.

"நீங்கதான் பங்கஜமா? நடக்கலாங்களா?"

சுரேந்திரன் ஒச்சப்பனைக் கூட்டிவந்திருந்தார். ஒச்சப்பன் பங்கஜத்தின் பக்கம் திரும்பவே இல்லை. கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் ஆர்.ஐ., அவளுக்குப் பின்னால் சுரேந்திரன், கடைசியில் பங்கஜம். பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு முன்னால் மரம்கூட மரமாக இல்லை.

"பாருங்க மேடம், ஒரு ஆள் இருக்கா? இதுதான் மெயின் ரோடுங்கற மாதிரி மனு குடுத்திருக்காங்க" என்றார் சுரேந்திரன்.

"வழி தேஞ்சிருக்கே" என்றாள் சசிரேகா.

"காட்டெருமை மேடம். மந்தையா வரும்."

பங்கஜம் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? நேற்றுவரை நாற்பது பேர் நடந்தார்கள், இன்றைக்கு நான் வரவேண்டாம் என்றேன் என்றா? அவளுக்கே அது பொய் மாதிரித் தோன்றியது. மூடிக்கொண்டாள்.

வெட்டுக்குள் நுழைந்தார்கள். கல் சுவர்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுரேந்திரன் கேட் எங்கே வரும், அதற்கு எவ்வளவு நல்ல பூட்டு போடுவார்கள் என்று விவரித்துக்கொண்டே வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பங்கஜத்தின் கால் எண்ணிக்கொண்டது.

மேலே பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"சரக்கேய்!"

ஒச்சப்பனின் கம்பு குறுக்கே நீண்டது. "உள்ள வாங்க தாயி, உள்ள, உள்ள" என்று ஆர்.ஐ.யைச் சுவரிலிருந்த பள்ளத்துக்குள் ஒதுக்கிவிட்டுத் தானும் ஒட்டி நின்றுகொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"நாலூ! ரெண்டு பேரு!"

"மூணு!" என்றாள் பங்கஜம். சொல்லி முடித்த பிறகுதான் தான் மூன்றாம் பொந்துக்குள் நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

"யாரு, ஒச்சண்ணனா?" என்றது மேலிருந்து குரல். "அதென்ன இன்னைக்கி ரெண்டு பேரு? இந்த வயசுல யாரக் கூட்டியாற?"

லீலாவதி. மேல்தட்டில் யார் எதைச் சொன்னாலும் அதைக் கேட்காத ஒரே பெண். கழுத்துக்கு மேலே பெரிய கொழுந்து மூட்டை, அதற்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அவ்வளவுதான் பனியிலிருந்து வெளியே வந்தது. பக்கவாட்டில் அவளுக்கு எதுவும் தெரியாது. நாலாம் பொந்தைத் தாண்டினாள். பாதை நடுவில், சிக்னல் இல்லாத போனைப் பிடித்துக்கொண்டு சுரேந்திரன் நின்றிருந்தார். எங்கே போய் நிற்பது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியவில்லை. மூட்டை அவர் நெஞ்சில் மோதியது.

"நடுவுல நிக்கிறது என்னது, மாடா?" என்றாள் லீலாவதி.

மூட்டையை இறக்கிவைக்க ஒச்சப்பனும் பங்கஜமும் ஓடினார்கள். தலை விடுபட்டதும் லீலாவதி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பங்கஜத்தின் முகத்தைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது.

"நீ வராதன்னுதான் சொன்ன. இல்லேங்கல. கொழுந்து கேக்குமா? நாளைக்கி முத்திப்போச்சுன்னா நீ வாங்கிக்குவியா? ஆபீசரு முன்னால மொறைக்காத."

"மேடம், இது செட்டப்" என்றார் சுரேந்திரன், ஸ்வெட்டரிலிருந்து இலைகளைத் தட்டிக்கொண்டே.

சசிரேகா அவரைப் பார்க்கவில்லை. "இவரைத் தெரியுங்களா அக்கா?" என்று ஒச்சப்பனைக் காட்டினாள்.

"ஒச்சண்ணன தெரியாதா? நேத்துக்கூட ரெண்டுல நின்னுக்கிட்டு என் வெத்தலையில பாதியப் புடுங்கிக்கிட்டாரு."

ஆர்.ஐ. பையிலிருந்து பைலை எடுத்தாள். ஒரு தாளைப் படித்தாள்.

"அய்யா, ஆள் நடமாட்டம் கிடையாதுன்னு இதுல இருக்கு. ஆளே இல்லாத வழியில யாருக்குங்க பதில் சொன்னீங்க?"

ஒச்சப்பன் கம்பின் நுனியைப் பார்த்தார். "அவருக்கு வயசாச்சு மேடம்" என்றார் சுரேந்திரன். அதைத் தணிந்த குரலில்தான் சொன்னார். ஆனால் ஒச்சப்பன் குரங்குக் குல்லாயைக் காதோடு இழுத்துவிட்டுக்கொண்டதைப் பங்கஜம் பார்த்தாள்.

இதற்காகத்தான் அவள் ஒரு மாதமாகத் தூங்காமல் இருந்தாள். இந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லுங்ணா, சொல்லுங்ணா என்று உள்ளுக்குள் ஒன்று அடித்துக்கொண்டது. வெளியே வந்தது வேறு.

"அவர விட்டுருங்க மேடம். அவரு இருக்கற ஊடு இவங்களுது. நீங்க கண்ணால பாத்தத எழுதுங்க, அது போதும்ங்க."

சசிரேகா கொஞ்சம் யோசித்தாள். "நான் பாத்தத நான் எழுதுவேன். ஆனா ஒரு நாள் ஒருத்தங்க நடந்ததத்தான் நான் பாத்திருக்கேன். இந்தத் தாள் இருக்கிற வரைக்கும் அதுக்கு எதிரா ஒரு சாட்சி இருக்கு."

அந்தப் பேச்சு யாரைப் பார்த்தும் சொல்லப்படவில்லை. ஒச்சப்பன் தொண்டையைச் செருமினார்.

"பேனா இருக்குதுங்களா தாயி?"

"ஒச்சப்பன்" என்றார் சுரேந்திரன். பெயரை மட்டும்தான் சொன்னார்.

பாறைச் சுவரில் பைலைச் சாய்த்து வைத்து, வெள்ளைத்தாளில் ஆர்.ஐ. எழுதினாள், ஒச்சப்பன் சொன்னார். வழி இருக்கிறது, ஆள் நடக்கிறது, லைன் நின்ற நாளிலிருந்து நானும் நடக்கிறேன், முந்திச் சொன்னது பயந்து சொன்னது. கையெழுத்துப் போடும்போது ஈரக் கல்லில் தாள் ஒட்டி, 'ப்ப' ஒன்று கரைந்துவிட்டது. "அப்பறம் வேற தாள் தரேன்" என்றாள் அவள். "இது போதும் தாயி. ரெண்டாந்தடவ தெம்பு இருக்காது" என்றார்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பாதையை யாரும் அடைக்கக் கூடாது. தோண்டிய குழிகளில் மழைத்தண்ணீர் நின்று, தவளைகள் குடிவந்தன. உத்தரவு வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே கோட்டர்ஸைக் காலி செய்யும்படி ஒச்சப்பனுக்குக் கடிதம் வந்துவிட்டது. அதில் மராமத்து வேலை என்று போட்டிருந்தது.

பங்கஜம் போய்க் கூப்பிட்டாள். கொழுந்து வைக்கிற ஷெட்டை ஒழித்துத் தருவதாகச் சொன்னாள்.

"ஊரு ஒண்ணு பேசும் புள்ள."

"அம்பத்தாறு வயசுல என்னப் பத்திப் பேச ஊருக்கு ஏதாவது கெடைச்சா சந்தோசந்தான். வாங்க."

வந்தார். சும்மா இருக்கமாட்டேன் என்று தேயிலைக்குக் காவல் இருக்கத் தொடங்கினார். எதிலிருந்து காவல் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அஜய் போனில் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு தீபாவளிக்கு வந்தபோது அவருக்கு ஒரு கம்பளி வாங்கிவந்தான்.

மார்கழியில் ஒருநாள் காலை. பங்கஜம் மூட்டையோடு இறங்க, ஒச்சப்பன் இன்னொரு சின்ன மூட்டையோடு கூட வந்தார். வெட்டின் மேல்வாயில் ஒரு காட்டெருமை நின்றிருந்தது. ஒற்றை ஆண். வெள்ளைக் காலுறை போட்ட மாதிரிக் கால்கள். அது இவர்களைப் பார்த்தது, பிறகு பார்க்காமல் விட்டது. இருவரும் மூட்டைகளை இறக்கிவைத்துக் கரையில் உட்கார்ந்தார்கள். இதனிடம் மனு கொடுக்க முடியாது.

கால் மணி நேரம் போயிருக்கும்.

"ஏனுங்ணா, அன்னைக்கி நீங்க பேசாம நின்னிருந்தா இந்நேரம் கோட்டர்ஸுல டிவி பாத்துட்டு இருந்திருப்பீங்க."

"நிக்கணும்னுதான் புள்ள போனேன். யாரு வந்தாலும், என்ன கேட்டாலும் வாயத் தொறக்கறதில்லன்னு கருப்பணசாமிக்குக் காசு முடிஞ்சுவெச்சுட்டுப் போனேன்."

"அப்பறம்?"

"அந்த மேனேஜரு பேசிக்கிட்டே வந்தானா? அது லீலாவதிக்குக் கேட்டிருக்கும். ஆள் பேசற சத்தம் கேக்குது, பதில் வரலன்னா என்ன பண்ணுவா? நின்னுருவா. சொமையோட அந்தச் சரிவுல நின்னா முழங்காலு போயிரும். அவளுக்கு ஏற்கனவே ஒண்ணு போச்சு."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார், உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோல. பங்கஜம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வழி என்றால் அதில் நடப்பவர்களின் முழங்கால்கள்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதை ஆர்.ஐ. எந்தத் தாளில் எழுதியிருக்க முடியும்?

"மொதல் தடவ கையெழுத்துப் போடும்போது என் முழங்காலு ஞாபகம் வரலியாக்கும்" என்றாள்.

"வந்துச்சு" என்றார் ஒச்சப்பன். "வராம இருக்குமா?"

எருமை மெதுவாகக் கரையேறி, சில்வர் ஓக் மரங்களுக்குள் போய் நின்றது. கீழே ஏஜெண்டின் லாரி இரண்டாவது தடவை ஹாரன் அடித்தது. பங்கஜம் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். சூடு பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"தூக்கிவிடுங்ணா" என்றாள்.

அவர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகத் தூக்கினார்கள். மூட்டை தலையில் உட்கார்ந்ததும் கழுத்தை ஒருமுறை அசைத்துச் சரிசெய்துகொண்டு இறங்கினாள்.